புத்தகத்தை யாரிடம் கொடுப்பது?

சென்ற மாதம் நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் 'எனக்குப் பிடித்த புத்தகம்' என்ற தலைப்பில் பத்துப் பேர் பேசினோம். அங்கே நான் பேசியதை எழுதித் தரும்படி மலர் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். பேசியது பத்து நிமிஷம். சொல்ல நினைத்ததில் பாதி மேடைக் கூச்சத்தில் விட்டுப்போயிற்று. விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் தமிழ் கற்ற புலவன் இல்லை. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்தே முப்பத்தாறு வருஷம் ஓட்டியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டோம்பிவிலி கிழக்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். இந்த ஊரில் இப்போது எந்தத் தெருவில் பார்த்தாலும் இதே கதைதான். புதுக் கட்டடம் எழும்பும் வரை சிறிய வாடகை வீட்டில் இருக்க வேண்டும். சாமான்களைக் கட்டும்போது என் மனைவி ஊறுகாய் ஜாடி முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்துவிட்டாள். நாலு டிரங்குப் பெட்டி, ஒரு இரும்பு அலமாரி நிறைய இருக்கும் என் புத்தகங்களுக்கு மட்டும் இடம் இல்லை. "ரத்திக்காரரைக் கூப்பிடுங்க" என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது.

பழைய செய்தித்தாள் எடுக்க ரத்திக்காரர் வந்தார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் எடை பார்த்தார். புரட்டினார். இந்த எழுத்தை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள், பேப்பர் விலைக்கும் இரண்டு ரூபாய் குறைத்துத்தான் எடுக்க முடியும் என்று இந்தியில் பணிவாகவே சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வியாபாரம் அது. ஆனால் அன்று இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அறுபத்தேழு வயது. என் மகனுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது என்றே சொல்லலாம், மாட்டுங்காவில் கடைப் பலகையை எழுத்துக் கூட்டுவதோடு சரி. மருமகள் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஆங்கிலமும் மராத்தியும்தான் எழுத்து. பேத்திக்குப் பத்து வயது. எனக்குப் பிறகு இந்த நாலு பெட்டியையும் திறக்கக்கூடிய ஆள் இந்தக் குடும்பத்தில் யார்? ரத்திக்காரர் சொன்ன விலை, எனக்குப் பின்னால் கிடைக்கப்போகும் விலையை விடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஒவ்வொரு புத்தகத்தையும் அதற்கு உரிய ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவது. இதைச் செய்யப் போய், ஒரு புத்தகத்தை ஏன் நமக்குப் பிடிக்கிறது, அதை இன்னொருவருக்கு எப்படிப் பிடிக்க வைப்பது என்பதில் சில விஷயங்களை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே பாடமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கஸாராவில் கிடைத்த புத்தகம்

முதலில் எனக்கு ஒரு புத்தகம் வந்து சேர்ந்த கதை.

வேலையில் சேர்ந்த புதிதில் என்னைக் கஸாராவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இகத்புரி வரை தால் காட் மலைப்பாதை. முப்பத்தேழு அடி போனால் ஓர் அடி ஏற்றம். பின்னால் கூடுதல் எஞ்சின் முட்டுக் கொடுத்துத்தான் வண்டியை மேலே தள்ள வேண்டும். மழைக்காலத்தில் இரவெல்லாம் பாறை சரிகிறதா என்று ரோந்து. குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி, பின்னிரவில் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கும். சுற்றிலும் மராத்தியும் இந்தியும். தமிழ் பேச ஒரே ஒருவர்தான், எங்கள் சீனியர் பி.டபிள்யூ.ஐ., கும்பகோணத்துக்காரர். அம்பாசமுத்திரத்தை விட்டு வந்த நான் அப்போது வாரத்துக்கு ஒரு முறை ராஜினாமாக் கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "தம்பி, ஓய்வு நேரத்தில் என்ன படிக்கிறீர்?"

"குமுதம் சார், விகடன், சாண்டில்யன்."

"பேஷ். உ.வே.சா.வைத் தெரியுமோ?"

"தமிழ்த் தாத்தா சார். பள்ளிக்கூடத்தில் பாடம் வந்தது."

"பாடத்தை விடும். மனுஷரைத் தெரியுமோ?"

உள்ளே போய்ப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். 'என் சரித்திரம்'. உ.வே. சாமிநாதையர் தம் கடைசிக் காலத்தில் ஆனந்த விகடனில் 1940 முதல் வாராவாரம் எழுதிவந்த சுயசரிதை. 1942-இல் அவர் காலமானபோது அது முடியாமலே நின்றது. பிறகு 1950-இல் புத்தகமாக வந்தது. "முதல் ஐம்பது பக்கம் படியும். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடும், காரணம் கேட்க மாட்டேன்" என்றார்.

நான் ஐம்பது பக்கத்தில் நிற்கவில்லை. அந்தப் புத்தகத்தில் ஒரு தகப்பனார் வருகிறார், வேங்கடசுப்பையர் என்று. சங்கீதம் தெரிந்தவர், வசதி இல்லாதவர். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விடுவார். அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகக் குடி பெயர்கிறார்கள். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பையனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் அந்த ஆசிரியர்தான். அவர் மனத்திலிருந்தே பாட்டைச் சொல்லிக்கொண்டு போவார். மாணாக்கர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே வருவார். இதையெல்லாம் நான் கஸாரா ரெஸ்ட் ஹவுஸில் ஈரக் காலுறையை ஜன்னலில் காயப்போட்டுவிட்டுப் படித்தேன். ஊரை விட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, படிப்புக்காக ஊரை விடுவது என்பது நம்மவர்களுக்குப் பழைய பழக்கம்தான் என்று தோன்றியது. அதன் பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. அந்த நேரத்தில் இரண்டு அத்தியாயம் படிக்கலாமே!

அவர் ஏன் அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தார் என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அவரிடம் நூறு புத்தகமாவது இருந்தது. அவற்றில் சிறந்ததைத் தேடாமல், அன்றைக்கு என் முகம் இருந்த நிலைக்குப் பொருந்தியதை எடுத்திருக்கிறார்.

கும்பகோணத்தில் ஒரு கேள்வி

புத்தகத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதே 'என் சரித்திரம்' நூலிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பலருக்குத் தெரிந்த சம்பவந்தான். ஆனாலும் நம் பிள்ளைகளுக்காக மறுபடி சொல்கிறேன்.

1880-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். சாமிநாதையருக்கு இருபத்தைந்து வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் யாரிடம் படித்தீர், என்ன என்ன நூல் படித்தீர் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலே ஒப்பிக்கிறார். முதலியாருக்குத் திருப்தி இல்லை. அதனால் என்ன பிரயோசனம் என்பதுபோல் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று விசாரிக்கிறார். அவ்வளவு படித்தவருக்கு அந்த நூல்களோடு பழக்கமே இல்லை. அன்றைக்கு அவை ஏட்டுச் சுவடிகளாக எங்கெங்கோ முடங்கிக் கிடந்தன.

முதலியார் அத்தோடு விடவில்லை. தம்மிடம் இருந்த சீவக சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தாமும் உடனிருந்து கேட்டார். படிக்கப் படிக்க இவருக்குப் புரியாத இடங்கள் முளைத்துக்கொண்டே வந்தன. அது சமண காவியம். சமண சமயத்தின் சொற்கள் சைவ மடத்தில் படித்தவருக்கு எட்டவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். போன இடத்தில் அவர் கண்டது என்ன தெரியுமா? வீட்டில் தோரணம் கட்டி விசேஷம் நடந்துகொண்டிருந்தது. என்னவென்று கேட்டால், சிந்தாமணி வாசித்து முடித்ததற்கான கொண்டாட்டம் என்கிறார்கள்! பண்டிதர்களுக்கெல்லாம் தெரியாமல் போன காவியத்தை, அதே ஊரில் ஒரு தெருவில் சாதாரணக் குடும்பத்தவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, மாதக்கணக்கில் படித்து முடித்திருக்கிறார்கள்.

பின்னால் நடந்தது சரித்திரம். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. முதலியார் அன்று வாய் திறந்து கேட்காமல் மரியாதைக்குக் காப்பி கொடுத்து அனுப்பியிருந்தால் இதெல்லாம் எப்படிப் போயிருக்குமோ, யார் கண்டார்?

எனக்கு இந்தச் சம்பவத்தில் முதலியாரை விட அந்தத் தோரணம் கட்டிய வீடுதான் அதிகம் நினைவில் நிற்கிறது. அதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

யாருக்கு எது

நம் கூட்டத்தில் பேசிய பத்துப் பேரில் ஏழு பேர் (நானும் அதில் சேர்த்தி) "இது ஒரு காவியம்", "எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும்" என்று சொல்லி இறங்கினோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவரும் புத்தகத்தைக் கேட்கவில்லை. எட்டாவதாக வந்த அம்மாள் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் பற்றி மூன்றே நிமிஷம் பேசினார். 1973-இல் வந்த நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். தெருவெல்லாம் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குடத்தோடு அலையும் ஜமுனா வாழ்க்கை வெறுத்துப்போய் இருக்கிறாள். பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா அவளை உட்காரவைத்துப் பேசுகிறாள். டீச்சரம்மாவின் வீட்டுக் கஷ்டம் ஜமுனாவின் கஷ்டத்துக்குக் குறைந்ததில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் அந்த அம்மாள் சொன்னார். "நாங்கள் டோம்பிவிலிக்கு வந்த புதிதில் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். நாலு மாடி ஏறி இறங்குவோம். அப்போது இந்தப் புத்தகம் என் கையில் கிடைத்திருந்தால் கொஞ்சம் கம்மியாக அழுதிருப்பேன்" என்றார். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு புத்தகம் கேட்டார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. எங்கள் வீட்டு அலமாரியிலேயே அந்தப் புத்தகம் இருபது வருஷமாக இருக்கிறது! நான் ஒரு நாளும் அந்த மாதிரி அவளிடம் சொன்னதில்லை.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முழுக் கதையையும் சொல்லாதீர்கள். ஆசிரியர் வாங்கிய விருதுகளைச் சொல்லி நேரம் போக்காதீர்கள். உங்களை நிறுத்திய ஓர் இடம், அது எந்த நாளில் உங்களுக்கு என்ன செய்தது, இதை யாருக்குக் கொடுக்க ஆசை, இவ்வளவு போதும். முக்கியமாகப் புத்தகத்தைக் கையோடு எடுத்து வாருங்கள்.

நான் இப்படிக் கொடுத்ததில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. என் தங்கை மகன் வேலை கிடைத்து ஐரோலியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அவனுக்கு நாஞ்சில் நாடனின் 'மிதவை'யைக் கொடுத்தேன். நாஞ்சில் நாடன் 1972-இல் பம்பாய்க்கு வேலைக்கு வந்து, பதினைந்து வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்தவர். நம் பம்பாய்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் படித்து வளர்ந்தவர் என்று நாம் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம். முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' 1977-இல் வந்தது. 2010-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 'மிதவை'யில் பட்டம் படித்துவிட்டு ஊரில் வேலை கிடைக்காத ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன் பம்பாய்க்கு வருகிறான். மருமகன் இரவு பதினோரு மணிக்குப் போன் பண்ணினான். "மாமா, இது நான்தான். செல்போன் மட்டும்தான் இல்லை" என்றான். வேறு ஒன்றும் பேசவில்லை, வைத்துவிட்டான்.

எங்களைப் போல ரயில்வே குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன், கிரிக்கெட் பைத்தியம். 1948 போலீஸ் நடவடிக்கை வரைக்கும் ஹைதராபாத் சமஸ்தானத்தில் நடந்த கலவரமெல்லாம் அந்தப் பையன் கண் வழியாக வருகிறது. வெளி மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளையைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதிய நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை. இதை என் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். பத்துப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாட்டு, சண்டை ஒன்றும் காணோமே" என்றார். கும்பகோணத்துக்காரர் சொல்லிக்கொடுத்தபடி நான் காரணம் கேட்கவில்லை. அவராகவே சொன்னது இது.

மருமகளுக்கு அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. மும்பையில் துப்பறியும் சுதா குப்தா என்ற பெண்ணைப் பற்றியது, 2014-இல் தமிழில் வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் வாங்கிக் கொடுத்தேன். தமிழ்ப் புத்தகத்தை ஆங்கிலத்தில் கொடுப்பதா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். மூடி வைத்த மூலத்தை விடத் திறந்து படித்த மொழிபெயர்ப்பு மேல் என்பது என் கட்சி. அவள் படித்துவிட்டு, "மாமா, இவங்க மும்பையிலயேவா இருக்காங்க?" என்று கேட்டாள். மும்பையிலேயேதான் இருக்கிறார் என்றேன்.

மொழி தெரியாதவரிடமும் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது லோக்கல் ரயில். பின்னாளில் எனக்கு வி.டி. அலுவலகத்துக்கு மாற்றல் ஆயிற்று. டோம்பிவிலியிலிருந்து அங்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் பஜனை கோஷ்டி, ஒரு பக்கம் சீட்டுக் கச்சேரி. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் படிப்பேன். தினமும் அதே பெட்டியில் வரும் மராத்திக்கார நண்பர் ஒருவர், தினம் தினம் இதில் என்னதான் இருக்கிறது, சொல்லும் என்றார். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' சிறுகதையைச் சொன்னேன். சினிமா ஸ்டூடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வரும் ஒரு ஏழை, புலி வேஷம் கட்டுபவன். புலி முகத்தை மாட்டிக்கொண்டதும் அந்த அறையே மாறிப்போகிறது. முகத்தைக் கழற்றியதும் மறுபடி கெஞ்சிக்கொண்டு நிற்கும் பழைய ஆள். பிறகு அவனைத் தேடிக் கடிதம் போடுகிறார்கள், ஆள் கிடைக்கவில்லை. தாணாவில் ஆரம்பித்துக் குர்லாவில் முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வண்டி ஏறியதும் முதல் கேள்வி: "அந்தப் புலிக்காரன் அப்புறம் அகப்பட்டானா?" பதிலுக்கு அவர் பு.ல. தேஷ்பாண்டேயின் 'வியக்தி ஆணி வல்லி'யிலிருந்து ஒவ்வொரு மனிதராக எனக்கு நடித்துக் காட்டினார். 1965-இல் மராத்திக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது. அந்தப் பெட்டியில் அன்று சிரிக்காதவன் நான் ஒருவன்தான். எனக்குப் பாதி புரியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சரியாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

டோம்பிவிலி மராத்தியர்கள் வாசிப்பில் நமக்கு மூத்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017-இல் அகில பாரத மராத்தி சாகித்ய சம்மேளனத்தின் 90-ஆவது மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. இங்குள்ள பை பிரண்ட்ஸ் லைப்ரரிக்காரர்கள் புத்தகப் பரிமாற்ற விழா நடத்துகிறார்கள். நீங்கள் படித்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேறொருவர் படித்த புத்தகத்தை எடுத்து வரலாம். நான் ஒரு முறை போய் வேடிக்கை பார்த்தேன். குழந்தைகளும் பென்ஷன்காரர்களுமாகத் திருவிழாக் கூட்டம். நம் சங்கமும் வருஷத்துக்கு ஒரு நாள் தமிழ்ப் புத்தகங்களுக்கு இப்படிச் செய்யலாம் என்று செயற்குழுவுக்கு இதன் மூலம் விண்ணப்பம் செய்துகொள்கிறேன்.

வாய்விட்டு வாசித்தல்

இனி, சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம்.

என் மகனுக்குத் தமிழ் படிக்க வராது என்றேன். வந்துகொண்டிருந்தது; நான்தான் கெடுத்தேன். அவன் அம்மா எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பதினாலு வயதில் திக்கித் திக்கிப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தான். 2002-ஆம் வருஷம் அவன் பிறந்தநாளுக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றேனா? வாரம் ஐந்து அத்தியாயம் படிக்க வேண்டும் என்று கணக்கு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை டிரால்லி இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டேன். சோழ வம்சத்தைச் சொல்லு, பழுவேட்டரையர்கள் எத்தனை பேர் என்று. புத்தகத்தோடு ஒரு பரீட்சையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் அவன் புத்தகத்தை அலமாரியில் வைத்தான். தமிழ் எழுத்தையும் அதோடு வைத்துவிட்டான்.

மகன் இப்போது தாணாவில் இருக்கிறான். சனி, ஞாயிறு குடும்பத்தோடு இங்கே வந்துவிடுவார்கள். சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை, 2022-இல் வந்த 'பொன்னியின் செல்வன்' படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டுப் பேத்தி என்னிடம் ஓடி வந்தாள். "தாத்தா, இது புக்கா இருக்குன்னு ஆச்சி சொல்றாங்க. உங்கட்ட இருக்கா?"

அலமாரியில் அதே ஐந்து பாகம். முதல் பாகம் 'புது வெள்ள'த்தை எடுத்தேன். இவளுக்குப் படிக்கத் தெரியாது. எனவே நான் வாய்விட்டு வாசித்தேன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வரும் வந்தியத்தேவன். அடுத்த அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் சண்டை போடும் இடம் வந்ததும் எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. குரலை மாற்றிக் கத்தினேன். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் கதவைத் தட்டி எல்லாம் சௌகரியம்தானே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த கதை அது. ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி வரும். ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வாய்விட்டு வாசித்த பிறகுதான் அந்த நடையின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. வாக்கியங்கள் காதுக்கு என்றே அளந்து வைத்த மாதிரி இருக்கின்றன. ஓர் அத்தியாயம் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம். சரியாக, விட முடியாத இடத்தில் நிற்கும். முன்பு கண்ணால் படித்தபோது கதையை அறியும் அவசரத்தில் எக்ஸ்பிரஸில் போனவன் நான். இப்போது கீமேனோடு தண்டவாளத்தில் நடந்து போகிறேன். ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது.

இந்த முறை சில விஷயங்களில் கவனமாக இருந்தேன். கேள்வி கேட்பதில்லை. தெரியாத சொல் வந்தால் நிறுத்திப் பொருள் சொல்வதில்லை. அவளாகக் கேட்டால் மட்டும் சொல்வேன். நீளமான வர்ணனை வந்து அவள் கண் அலைபாய்ந்தால் மெல்லத் தாண்டிவிடுவேன் (கல்கி மன்னிப்பாராக). அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போது நிறுத்திவிடுவேன். மணியம் வரைந்த படங்கள் உள்ள பழைய பதிப்பாக யாரிடமாவது கிடைத்தால் இன்னும் விசேஷம்.

சனிக்கு இரண்டு, ஞாயிறுக்கு இரண்டு. முதல் பாகம் மட்டும் 57 அத்தியாயம். மூன்றரை மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டேன். ஹாலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த என் மகன் தலையைத் திருப்பாமலே சொன்னான்: "அப்பா, அந்த நந்தினி யாருன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்துங்க."

எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். வெந்நீர் குடித்துவிட்டு இன்னும் ஓர் அத்தியாயம் வாசித்தேன். அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் செல்போன் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

பேத்தி ஒரு நாள், "குந்தவைன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்றாள். காட்டினேன். அடுத்த வாரம் அவளே பக்கத்தில் விரலை ஓட்டிக் குந்தவையைத் தேடிப் பிடித்தாள். பிறகு வந்தியத்தேவன். பெயர்களின் வழியாக இதுவரை நாற்பது எழுத்துக்குக் கிட்டத்தட்டத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நான் அரிச்சுவடி எதுவும் வாங்கவில்லை.

என் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஊரும் வருஷமும் எழுதுவது என் வழக்கம். 'கஸாரா, மழை, 1983', 'கல்யாண், 1991' என்று. முதல் பாகம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் வடையும் பாயசமும் போடச் சொல்லத் தோன்றியது. மனைவி காரணம் கேட்டாள். சிந்தாமணி வாசித்து முடித்த வீட்டுக் கதையைச் சொன்னேன். "தோரணம் கட்ட மாவிலை கிடைக்காது, டோம்பிவிலி மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க" என்றாள். கிடைத்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து பேத்தி 'புது வெள்ள'த்தின் முதல் பக்கத்தில், நான் 2002-இல் அவள் அப்பாவுக்கு எழுதியதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே 'டொம்பிவலி' என்று எழுதினாள். நான் திருத்தவில்லை.

இப்போது இரண்டாம் பாகம், 'சுழற்காற்று'. 53 அத்தியாயத்தில் இன்னும் ஒன்பதே பாக்கி. இரண்டரை வாரத்தில் முடிந்துவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்றாம் பாகம் 'கொலை வாள்' என் அலமாரியில் இல்லை. சில வருஷத்துக்கு முன்பு நம் சங்கத்து அன்பர் யாரோ இரவல் வாங்கிப் போனதாக நினைவு. முதல் பக்கத்தில் 'டோம்பிவிலி, 2002' என்று நீல மையில் எழுதியிருக்கும். யாரிடம் இருக்கிறதோ, அடுத்த கூட்டத்தில் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனால் போதும். காரணம் கேட்க மாட்டேன்.